நீள்வட்டப் பற்சக்கரம்: ஏமாற்றா? ஏற்றமா?



ஈப்போவில் மிதிவண்டி ஓட்டும் நண்பர்கள் சிலர் என் பழைய மலை மிதிவண்டியைக் கண்டு நகைக்கின்றனர். கியர்களைக் கழற்றிவிட்டு, முன்னே ஒன்று, பின்னே ஒன்று என இரண்டே பற்சக்கரங்களோடு ஓட்டுகிறேன். போதாக்குறைக்கு, முன் பற்சக்கரம் வட்டமாகவும் இல்லை, நீள்வட்டம். "ஆசிரியரே, லாரி ஏறி நசுங்கிவிட்டதா?" என்று கேட்கின்றனர். அவர்களுக்கான விடையே இக்கட்டுரை.

நான் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். என் தந்தையார் பால் வாளிகளைக் கட்டிக்கொண்டு செம்மண் சடக்கில் மிதித்து ஏறிய வண்டிக்கும் ஒரே கியர்தான். மேட்டில் அவர் எழுந்து நின்று மிதிப்பார். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நொடி, வண்டி நின்றேவிடுமோ என்று தோன்றும். மிதிகள் இரண்டும் நேர் மேலும் கீழுமாய் வரும் நொடி அது. அந்நிலையில் காலின் வலிமை சக்கரத்தைச் சுழற்ற ஏறக்குறைய உதவுவதே இல்லை.

நீள்வட்டப் பற்சக்கரம் அந்த நொடியைத்தான் குறிவைக்கிறது. 32 பற்கள் கொண்ட சக்கரம், வலுவற்ற அவ்விடத்தில் சுமார் 30 பற்கள் கொண்டதுபோலவும், கால் வலுவாக அழுத்துமிடத்தில் சுமார் 34 பற்கள் கொண்டதுபோலவும் நடந்துகொள்ளும். புதிய ஆற்றல் எங்கிருந்தும் வந்துவிடாது. இருக்கும் ஆற்றல் சற்றுச் சீராகப் பரவும், அவ்வளவே.

கியர்கள் பல உள்ள வண்டியில் மேடு வந்தால் எளிய கியருக்கு மாறிக்கொள்ளலாம். ஒற்றைக் கியரில் அந்த வழி இல்லை. என் வண்டியில் முன்னே 32, பின்னே 16. சக்கரம் 26 அங்குலம். ஒரு மிதிச்சுற்றுக்கு வண்டி நான்கு மீட்டருக்குச் சற்று மேல் நகரவேண்டும். சமதரையில் அது சுகம்; மேட்டில் தண்டனை. ஆகவே, இப்பற்சக்கரம் யாருக்கேனும் உண்மையில் பயன்படுமென்றால் அது ஒற்றைக் கியர்க்காரருக்கே என்பது என் துணிபு.

"சக்கரம் நீள்வட்டமானால் சங்கிலி தொய்ந்து கழலாதா?" என்பது அடுத்த கேள்வி. ஒரு நீள்வட்டத்தின் நடுப்புள்ளி வழியே எப்படிக் கோடு கிழித்தாலும் அதன் சுற்றளவு சரிபாதியாகவே பிரியும். சங்கிலி தழுவுவதும் ஏறத்தாழப் பாதிச் சுற்றளவையே. எனவே தொய்வு மிகச் சிறிதளவே மாறும். பழைய மலை மிதிவண்டிகள் பலவற்றில் பின்சக்கரத்தை முன்பின் நகர்த்த இயலாதாகையால், வில்விசையுள்ள இழுவைக் கருவி ஒன்று எப்படியும் வேண்டும். அம்மாற்றத்தை அதுவே ஏற்றுக்கொள்ளும். அதை நகர்த்திப் பூட்டும் வகையானால், சங்கிலி மிக இறுகும் நிலையில் வைத்து அளவு பாருங்கள்.

நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். நான்கு திருகாணிச் சக்கரத்தைக் கால்சுற்று தவறுதலாகவும் பூட்ட முடியும். நான் பூட்டினேன்! வலுவற்ற இடத்தில் சக்கரம் பெரிதாகிவிட, முதல் மேட்டிலேயே இறங்கித் தள்ளினேன். குறியைப் பார்த்துப் பூட்டுங்கள். 1980களில் சிமானோ வெளியிட்ட பயோபேஸ் சக்கரங்களின் நீள்வாட்டம் இன்றையவற்றுக்கு ஏறத்தாழ எதிர்த்திசையில் அமைந்திருந்தது. அவற்றை ஓட்டிச் சலித்தவர்கள், அந்தச் சலிப்பை வைத்து இன்றைய நீள்வட்டத்தை எடைபோடலாகாது.

2012இல் பிரான்சு சுற்றுப் போட்டியை வென்ற பிராட்லி விக்கின்சும் 2013இல் வென்ற கிறிஸ் புரூமும் வட்டமல்லாத பற்சக்கரங்களையே மிதித்தனர். அதனால்தான் வென்றனர் என்று சொல்லிவிட முடியாது. ஆய்வுகளும் ஒருமித்த முடிவைத் தரவில்லை. விளம்பரங்கள் கூறும் விழுக்காடுகளை நம்பாதீர்கள். வேகம் கூடியது என்று நானும் சொல்லமாட்டேன். முன்பு நின்றுபோன மேட்டில் இப்போது நிற்காமல் ஏறுகிறேன். என் சான்று அவ்வளவே.

பால்மரக்காடுகள் பலவும் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. எஞ்சிய செம்மண் சடக்குகளில் ஓட்ட, ஆயிரக்கணக்கான ரிங்கிட்டுக்குப் புதுவண்டி வேண்டும் என்று நம் பிள்ளைகள் எண்ணுகின்றனர். வீட்டின் பின்புறம் துருப்பிடித்துக் கிடக்கும் வண்டியை எடுங்கள். அதைப் பிள்ளைகளின் கையாலேயே பிரித்துப் பூட்டச் செய்யுங்கள். முதலில் வட்டச் சக்கரத்தில் ஒரு மாதம் ஓட்டட்டும். பிறகு நீள்வட்டத்தை மாட்டி, அதே மேட்டில் ஏறிப் பார்த்து, அவர்களே தீர்ப்புச் சொல்லட்டும்.

என் தந்தையாருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் வாளிகளோடு தினமும் அந்த நொடியைக் கடந்தார்.