காயலான் கடையில் என் ஆய்வேடு

கடந்த ஆண்டு ஆய்வேட்டின் மூன்றாம் இயலை எழுதிக்கொண்டிருந்தபோது என் மடிக்கணினி செத்துப்போனது. இரவு மூடி வைத்தேன், காலையில் விளக்குகூட எரியவில்லை. சர்வீஸ் கடையில் திறந்து பார்த்தவர், "போர்டு போயிடுச்சு சார், மாத்தணும்னா பதினெட்டாயிரம் ஆகும்" என்றார். எனக்கு வரவேண்டிய ஆராய்ச்சி உதவித்தொகை அப்போது ஏழு மாதமாக வரவில்லை. விடுதி மெஸ்ஸுக்கே கடன்.

"தவணையில் ஒன்று வாங்கிவிடுங்களேன்" என்று துறையில் ஒருவர் அக்கறையாகத்தான் சொன்னார். தவணை கேட்டுப் போனால் முதலில் சம்பளச் சீட்டு கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரியாது. ஏன் தெரியப்போகிறது? அவர் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சம்பளச் சீட்டு இருக்கிறது.

என் ஆய்வு வட ஆற்காட்டுத் தோல் பதனிடும் தொழிலாளர்களைப் பற்றியது. அவர்களோடு பேசிப் பதிவுசெய்த அறுபது மணிநேர ஒலிப்பதிவு அந்தக் கணினிக்குள் இருந்தது. பேசியவர்களில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. எனக்குத் தூக்கம் வராததற்கு மூன்றாம் இயலைவிட அதுதான் காரணம்.

எங்கள் காலனியிலிருந்து இருபது வருடங்களுக்கு முன் பட்டணம் போன அண்ணன் ஒருவர் வியாசர்பாடிப் பக்கம் ஒரு காயலான் கடையில் வேலை செய்கிறார். எட்டாவது வரை படித்தவர். அலுவலகங்கள் கழித்துப்போடும் கணிப்பொறிகள், பிரிண்டர்கள், யூபிஎஸ் பெட்டிகளை எடைக்கு எடுத்துப் பிரித்து, இரும்பு வேறு, அலுமினியம் வேறு, செம்பு வேறு, போர்டு வேறாகக் கட்டி அனுப்புவது கடையின் வேலை. போன் செய்தேன். "செத்த பொட்டிய தூக்கினு வா தம்பி, உள்ள இருக்கறது செத்துருக்காது" என்றார்.

சொன்னது சரிதான். மடிக்கணினியின் அடிப்பகுதியைத் திறந்து ஹார்டு டிஸ்கை உருவி, யூஎஸ்பி கேபிள் ஒன்றில் மாட்டி, கடை முதலாளியின் கணிப்பொறியில் செருகினார். கோப்புகள் அத்தனையும் வரிசையாக நின்றன. எனக்கு மூச்சு வந்தது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "டீ சொல்லட்டா?" என்று கேட்டார்.

பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அந்தக் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து ஒரு கணிப்பொறியைக் கோத்தோம். கோத்தவர் அவர், பிடித்துக்கொண்டவன் நான் என்று சொல்வதே நேர்மை. போர்டுகள் கத்தரிக்காய் மாதிரிக் குவிந்து கிடந்தன. பார்த்துப் பார்த்து ஒன்றை எடுத்தார். வெள்ளி நிறக் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால் தள்ளிவிட வேண்டும், தட்டையாக இருந்தால் நம்பலாம். எடுத்த போர்டில் ப்ராசஸர் உட்காரும் குழியில் இரண்டு பின் வளைந்திருந்தன. அந்தக் குழியில் ஆயிரத்துக்கும் மேல் பின்கள், ஒவ்வொன்றும் முடியளவுதான். செல்போன் வெளிச்சத்தில் தையல் ஊசியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். அந்த அரைமணி நேரம் அவர் யாரோடும் பேசவில்லை. கடைக்குள் சத்தம் போட்ட முதலாளியையும் கையைக் காட்டி அடக்கினார்.

எஸ்எம்பிஎஸ் வேலை செய்கிறதா என்று பார்க்க அதன் பெரிய கனெக்டரில் பச்சை ஒயருக்கும் கறுப்பு ஒயருக்கும் நடுவே ஒரு ஜெம் கிளிப்பை வளைத்துச் செருகி மின்சாரம் கொடுத்தார். விசிறி சுற்றினால் அதற்கு உயிர் இருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டியை மட்டும் என்னைத் திறக்க விடவில்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கரண்டு தங்கியிருக்கும், தூக்கியடிக்கும் என்றார். ரேமின் தங்கநிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்தார். பழைய ப்ராசஸரின் தலையில் காய்ந்து கிடந்த பேஸ்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணியளவு வைத்தார். அதிகம் வைத்தால் நல்லதுதானே என்றேன். "சட்னியா அது?" என்றார்.

ஆன் செய்ய ஸ்விட்ச் கிடையாது. போர்டின் ஓரத்தில் இருந்த இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி சேர்த்துத் தொட்டார். விசிறி சுற்றியது, உடனே நீளமான கத்தல், விட்டுவிட்டு. "ரேமு" என்றார். ஒன்றைக் கழற்றி வேறொன்றைப் போட்டார். மறுபடியும் கத்தல். நான்காவது ரேமில் ஒரே ஒரு சின்ன பீப். திரையில் எழுத்து வந்தது. போர்டிலிருந்த பட்டன் பேட்டரி தீர்ந்திருந்ததால் கணிப்பொறிக்கு நாள் மறந்துபோய், 2011ஆம் ஆண்டின் முதல் நாளைக் காட்டியது.

உள்ளே இருந்தது இன்டெல் ஐ3, இரண்டாம் தலைமுறை. நான் என் குடும்பத்தில் முதல் தலைமுறைப் பட்டதாரி. அந்த வகையில் அது எனக்கு ஒரு தலைமுறை மூத்தது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். போர்டும் ப்ராசஸரும் சேர்த்து 1,500 ரூபாய். எட்டு ஜிபி ரேம் 700. எஸ்எம்பிஎஸ் 350. சதுர மானிட்டர் 900. கீபோர்டு, மவுஸ் 250. கேபினட்டுக்குக் காசு வாங்கவில்லை. எஸ்எஸ்டியை மட்டும் ரிச்சி தெருவில் புதிதாக 1,500க்கு வாங்கினேன், ஆய்வேட்டைப் பழைய டிஸ்கில் வைக்கத் துணிவு வரவில்லை. பேட்டரி 30. மொத்தம் 5,230 ரூபாய். லினக்ஸ் மின்ட் இலவசம். தமிழ்99 விசைப்பலகை அதிலேயே இருக்கிறது. நீங்கள் படிக்கும் இந்தக் கட்டுரை அதில் தட்டியதுதான்.

திரையில் வந்த அந்த 2011 எனக்கு வேறொன்றை நினைவூட்டியது. அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்றுதான் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. நான் பிளஸ் டூ. எங்கள் தெருவுக்குள் நுழைந்த முதல் கணினி என் கையில் வந்ததுதான். அதை ஒரு வாரம் என் ஆத்தா புடவையில் சுற்றிப் பீரோவில் வைத்திருந்தது. 'ஓசி லேப்டாப்' என்று அன்று சிரித்தவர்களின் வீடுகளில் தொண்ணூறுகளிலேயே கணிப்பொறி இருந்தது. அப்பா வேலைபார்த்த ஆபீசில் புதியது வந்ததும் பழையது வீட்டுக்கு வந்துவிடும். பிள்ளைகள் அதைக் கழற்றிப் பார்ப்பார்கள், கெடுப்பார்கள், மறுபடி மாட்டுவார்கள். அதற்கு யாரும் 'ஓசி' என்று பெயர் வைக்கவில்லை. 'பையனுக்கு சின்ன வயசிலேயே கம்ப்யூட்டர்னா உசுரு' என்றார்கள். பதினெட்டு வயதில் நுழைவுத் தேர்வு எழுதும்போது அதன் பெயர் தகுதி ஆகிவிடும்.

கழற்றிப் பார்க்க ஒரு பொருள் வேண்டும். கெட்டுப்போனால் பரவாயில்லை என்று சொல்ல ஒரு வீடு வேண்டும். எனக்குக் கிடைத்த மடிக்கணினியின் ஒரு திருகைக்கூட நான் தொட்டதில்லை. கெட்டால் வேறு கிடையாது. கணினியின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை முப்பது வயதுக்கு மேல், ஒரு காயலான் கடையில்தான் பார்த்தேன்.

மானுடவியலாளர் அஜந்தா சுப்பிரமணியன் சென்னை ஐஐடியை வைத்து எழுதிய நூல் 2019இல் வெளிவந்தது. காலனியாட்சியில் பொறியியல் கல்வி வளர்ந்தபோது கைவேலைத் திறன் ஒருபுறமும் கோட்பாட்டுப் படிப்பு மறுபுறமும் பிரிக்கப்பட்டதையும், தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்தவர்களைத் தாண்டி ஆதிக்கச் சாதியினர் பொறியாளர்களாக எழுந்ததையும், அந்தச் சாதிச் சலுகை பிற்பாடு மெரிட் என்ற பெயரில் நின்றதையும் அவர் விரிவாகக் காட்டுகிறார். வகுப்பில் அதை நான் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். ஊசியால் பின்னை நிமிர்த்தும் கையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்வரை அதன் பொருள் எனக்கு முழுதாக உறைக்கவில்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஒலியைக் கேட்டு ரேம் பழுது என்று சொல்வது நோயறிதல். உப்பிய கெப்பாசிட்டரைப் பார்த்துப் போர்டைத் தள்ளுவது தரப் பரிசோதனை. இதே வேலையை யூடியூபில் ஓர் ஐடி இளைஞர் செய்தால் 'பட்ஜெட் பில்ட்'. நிர்வாகவியல் கல்லூரியில் சொன்னால் 'ஜுகாட்', இந்தியரின் பிறவி சாமர்த்தியம், அதற்கு ஒரு கருத்தரங்கம். அண்ணன் செய்தால் அவர் காயலான் கடை ஆள். கூலி ஒரு நாளைக்கு 600 ரூபாய், வேலை இருக்கும் நாளில்.

'இருப்பதைக் கொண்டு சாதிக்கும் ஏழை' என்ற கதை எனக்கும் கைதட்டல் வாங்கித் தந்தது. துறையில் என் பெட்டியைப் பார்த்துவிட்டு, "பாருங்க, மனசிருந்தா வழியுண்டு" என்று ஒருவர் மற்ற மாணவர்களுக்கு என்னை எடுத்துக்காட்டாகச் சொன்னார். எனக்கு உடம்பு கூசியது. உதவித்தொகை மாதாமாதம் வந்திருந்தால் நான் ஏன் தையல் ஊசி பிடிக்கப்போகிறேன்? நான் கோத்த கணிப்பொறியில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையை எடுத்து நிர்வாகத்தின் கடனைக் கழிக்க நான் சம்மதிக்கவில்லை.

கைதட்டியவர்கள் பார்க்காத இன்னொன்று அந்தப் பின்கட்டில் இருக்கிறது. உலகம் முழுவதும் 2022இல் மட்டும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவானதாக ஐ.நா. அமைப்புகளின் 2024ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் உள்ளது 22.3 விழுக்காடு. மிச்சத்தில் ஒரு பங்கு தில்லி சீலம்பூர், உத்தரப்பிரதேசத்தின் மொராதாபாத் போன்ற இடங்களிலும், நம்மூர் பின்கட்டுகளிலும் வெறுங்கையால் பிரிக்கப்படுகிறது. பழைய போர்டுகளின் சால்டரில் ஈயம் இருக்கிறது. செம்புக்காக ஒயரை எரித்தால் அதன் பிவிசி உறையிலிருந்து டயாக்சின் வருகிறது. தங்கம் எடுக்க அமிலத்தில் முக்கினால் அந்தப் புகை நேராக நெஞ்சுக்குப் போகும். அண்ணன் கடையில் எரிப்பதில்லை, அமிலமும் இல்லை. போர்டுகளை மூட்டையாகக் கட்டி லாரியில் ஏற்றுவதோடு சரி. "அங்க போய் இன்னா பண்றானுங்கன்னு நமக்குத் தெரியாது" என்றார், தெரிந்த குரலில். அவருக்கே வருடம் முழுவதும் இருமல்.

ஊரார் உடைத்துப் போட்டதை எடுத்துச் சுத்தம் செய்யும் வேலை யார் தலையில் விழும் என்று இந்த நாட்டில் ஆராய்ச்சி செய்யத் தேவையில்லை. அந்தக் கடையிலும் அக்கம்பக்கக் கடைகளிலும் நான் பேசியவர்கள் தலித்துகளும் முஸ்லிம்களும்தான். செத்த மாட்டுத் தோலுக்குப் பதில் செத்த கணினி. என் ஆய்வுக் களத்திலிருந்து நான் அதிகம் விலகிவிடவில்லை.

மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022 என்று ஒன்று இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நிறுவனங்கள் பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலைகளிடம் சான்றிதழ் வாங்கித் தம் பொறுப்பைக் கழித்துக்கொள்ளலாம். இந்த வேலையில் இருக்கும் தொழிலாளர்களை அங்கீகரித்துப் பதிவுசெய்வதும், அவர்கள் குழுக்களாகச் சேர உதவுவதும், பயிற்சியும் உடல்நலப் பாதுகாப்பும் உறுதிசெய்வதும் மாநிலத் தொழிலாளர் துறையின் கடமை என்றும் அதே விதிகள் சொல்கின்றன. இந்த ஒரு வரியை நம் இயக்கங்கள் கையில் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. சான்றிதழ்ச் சந்தை வேலை செய்கிறது, பெயர்ப் பதிவு மட்டும் ஏன் தூங்குகிறது என்று மாவட்டம்தோறும் கேட்கலாம்.

நான் இதைச் சொன்னபோது அண்ணன் உற்சாகப்படவில்லை. "பேரு எழுதிட்டா லைசென்ஸ் எங்கன்னு கேட்டு கடைய மூட மாட்டானா?" என்று கேட்டார். நியாயமான பயம். பதிவு என்றாலே நம் மக்களுக்கு வெளியேற்றத்தின் முதல் படியாக இருந்த அனுபவம் அது. அதனால் கோரிக்கையில் வரிசை முக்கியம். முதலில் தொழிலாளி பெயரில் அடையாள அட்டை, மருத்துவம், கையுறை, வேலை செய்ய இடம். கடையின் உரிமம் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு.

அவசரமும் இருக்கிறது. 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 சில்லு, பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட இன்டெல் ப்ராசஸர் என்ற நிபந்தனைகளால், நன்றாக ஓடும் கணிப்பொறிகள் அலுவலகங்களிலிருந்து கூட்டமாக வெளியேறுகின்றன. லினக்ஸ் போட்டால் இன்னும் பல ஆண்டு ஓடக்கூடியவை. கல்லூரிகளும் அரசு அலுவலகங்களும் இவற்றை எடைக்கு ஏலம் விடுவதற்கு முன், கோத்துத் தரத் தெரிந்த இந்தக் கைகளுக்குக் கூலி கொடுத்துச் சரிசெய்து, ஆதிதிராவிடர் நல விடுதிகளில் வைக்கலாம். ஆனால் புதிய மடிக்கணினிக்கு மாற்றாக அதை நீட்டக் கூடாது. விடுதிப் பிள்ளைகள் கெடுத்துப் பழக ஒரு பெட்டி வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

மூன்றாவது ஞாயிறு கிளம்பும்போது அண்ணனிடம் கேட்டேன், உங்கள் வீட்டில் இப்படி ஒன்று இருக்கிறதா என்று. இல்லை என்றார். பதினோராம் வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருக்கும் மகள் அப்பாவின் செல்போனில்தான் எல்லாவற்றையும் பார்க்கிறாள். இருபது வருடமாகக் கணிப்பொறி பிரிக்கிறவர் வீட்டில் கணிப்பொறி இல்லை. ஓடுகிற செட் ஒவ்வொன்றும் முதலாளிக்கு விற்பனைச் சரக்கு, வீட்டுக்கு எடுத்தால் ஒரு வாரக் கூலி போகும்.

உதவித்தொகை போன மாதம் ஒருவழியாக வந்தது. அந்தப் பெண்ணுக்கு ஒன்று கோக்க ஆரம்பித்திருக்கிறோம். இந்த முறை பின்களை நிமிர்த்துவது அவள். முதல் நாளே ஒன்றை உடைத்துவிட்டாள், அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, குவியலிலிருந்து வேறு போர்டு எடுத்துக் கொடுத்தார். இன்னும் ஒரு ரேமும் மானிட்டர் கேபிளும் வேண்டும். வருகிற ஞாயிறு போகிறேன்.