மலை சரியுமுன் மனை தருக!

மங்கலம்பேட்டைக் கடைவீதியில் நின்று மலையைப் பற்றிப் பேசினால், "சமவெளியில் வாழும் நமக்கு மலையோடு என்ன உறவு?" என்று கேட்பார் உண்டு. உறவு உண்டு, தீர்க்கப்படாத கடனும் உண்டு! நமக்குத் தெற்கே விருத்தாசலத்தைத் தழுவி ஓடும் மணிமுத்தாறு எங்கே பிறக்கிறது? கல்வராயன் மலையிலே பிறக்கிறது. மலையில் பெய்வது நம் வயலுக்கு வருகிறது. மலையில் மிகுவது நம் வீட்டுக்குள் வருகிறது.

2024 டிசம்பர்த் தொடக்கத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஃபெஞ்சல் புயல் கரையேறிய பின், ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சாத்தனூர் அணை நிரம்பித் திறக்கப்பட்டது. தென்பெண்ணை கரை புரண்டு கடலூர் வட்டாரத்தை மூழ்கடித்தது. அதே டிசம்பர் முதல் நாள், திருவண்ணாமலைச் சரிவில் மண்ணும் பாறையும் உருண்டு வந்து வீட்டை மூடின. எழுவர் மாண்டனர், அவர்களில் ஐவர் குழந்தைகள்.

மலைக்கும் சமவெளிக்கும் வானம் ஒன்றுதான். ஆனால் காப்பும் ஒன்றாக இருக்கிறதா? இல்லை என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

நம் மாவட்டக் கடற்கரையை எண்ணிப் பாருங்கள். 2004இல் ஆழிப்பேரலை, 2011இல் தானே புயல், 2015இல் பெருவெள்ளம் என்று அடி மேல் அடி விழுந்தது. ஆயினும், அடிபட்ட மக்களுக்குக் கடற்கரையிலே புது வீடுகள் எழுந்தன. புயல் பாதுகாப்பு மையங்கள் எழுந்தன. இன்று புயல் எச்சரிக்கை வந்தால், குப்பத்து மக்கள் சென்று தங்க ஓர் இடம் இருக்கிறது. குறைகள் இல்லாமல் இல்லை. ஆனால், எச்சரிக்கைக்கு ஒரு பொருள் இருக்கிறது.

மலைத்தோட்டத் தொழிலாளிக்கு எச்சரிக்கை வந்தால் அவன் எங்கே போவான்?

2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு. மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடி. தேயிலைத் தொழிலாளர் உறங்கும் லயங்களின் மேல் மலை இறங்கியது. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. வெளியுலகுக்குச் செய்தி எட்டியபோது மறுநாள் பொழுது விடிந்திருந்தது. 70 பேரைக் காவு கொடுத்தோம். யார் அவர்கள்? கயத்தாறு முதலான தென்பாண்டி ஊர்களிலிருந்து தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறிக்கப் போன தமிழர்கள்! கூலி கேரளத்தில், வேர் தமிழ்நாட்டில், வீடோ தோட்டத்துக்குச் சொந்தம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். பெற்றோர் இருந்த அறையில் தங்க வேண்டுமானால் பிள்ளையும் கொழுந்துக் கூடையைச் சுமக்க வேண்டும். நூறாண்டு உழைத்தும் ஒரு சாண் நிலம் தனதில்லாத அந்தக் குடும்பம், ஆபத்தான சரிவைவிட்டு எந்த நிலத்துக்கு நகரும்?

கடல் கடந்தும் இதே கதைதான். இலங்கையில் பதுளை மாவட்டம், கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டம். 2014 அக்டோபர் 29 காலையில் மண்சரிவு லயங்களை விழுங்கியது. அந்தச் சரிவு ஆபத்தானது என்று அந்நாட்டுத் தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, மாற்று மனை இல்லை. போக இடம் தராத எச்சரிக்கை, கதவில்லாத வீட்டில் தீ மணி அடிப்பதற்கு ஒப்பானதன்றோ?

"இயற்கையின் சீற்றத்துக்கு யார் என்ன செய்ய முடியும்?" என்று தத்துவம் பேசுவோர் சிலர் உளர். இயற்கை மட்டுமா சீறுகிறது? புவி வெப்பம் ஏற ஏற, காற்று கூடுதலாக நீரைச் சுமக்கிறது; சுமந்ததை ஓரிடத்தில் கவிழ்க்கிறது. 2019 ஆகஸ்டு 8 அன்று நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. நம் கடலூர் மாவட்டம் ஓராண்டில் பெறும் மழையே ஏறத்தாழ 120 சென்டிமீட்டர்தான்! 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கையையும் சூரல்மலையையும் துடைத்தெடுத்து, 250க்கும் மேற்பட்டோரைக் கொன்ற மழை, புவி வெப்பத்தால் ஏறத்தாழ 10 விழுக்காடு கடுமையாயிற்று என்று பன்னாட்டு ஆய்வாளர் குழு கணக்கிட்டது. புகையைக் கக்கியவர் எங்கோ இருக்கிறார். புதைந்தவர் லயத்தில் இருந்தார். இதை விதி என்பது கயமை. அநீதி என்பதே மெய்.

செய்ய முடியாது என்பதும் பொய். வயநாட்டிலேயே, கல்பற்றையிலுள்ள ஹியூம் மையம் ஊர் ஊராகச் சிறு மழைமானிகளை வைத்து, உள்ளூர் மக்களைக் கொண்டே நாள்தோறும் அளவெடுத்து, எந்தச் சரிவு நனைந்து கனத்திருக்கிறது என்று சொல்லி வருகிறது. 2024இலும் அது முன்கூட்டியே சொன்னது. சொல்லைச் செயலாக்கும் ஏற்பாடுதான் போதவில்லை. அழிவுக்குப் பின்னரோ, 2025 மார்ச்சில், கல்பற்றையில் தோட்ட நிலத்தையே எடுத்து, குடும்பத்துக்கு 7 சென்ட் மனை என்று புது ஊருக்கு அடிக்கல் நாட்டினார்கள். வரவேற்கிறோம். ஆனால் ஒரு கேள்வி: பிணங்களை எண்ணிய பின் கிடைக்கும் நிலம், எண்ணுவதற்கு முன் ஏன் கிடைக்கவில்லை?

"மலைமக்களைக் கீழே இறக்கிவிட்டால் தீர்ந்தது" என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். தீராது, தோழர்களே! பிழைப்பு மலையில் இருக்கிறது. பிழைப்பைப் பறித்துவிட்டு உயிரை மட்டும் காப்பது, நெல்லைக் கொட்டிவிட்டுச் சாக்கைக் காப்பது போலாகும். அதே மலையில், நிலவியல் அறிந்தோர் தேர்ந்து காட்டும் உறுதியான தரையில், வேலைக்கு நடந்து போகும் தொலைவில், பட்டாவோடு மனை வேண்டும். அந்தப் பட்டாவில் பெண்ணின் பெயரும் இருக்க வேண்டும். தோட்டந்தோறும் மழைமானியும், மின்சாரம் போனாலும் ஒலிக்கும் தொலைத்தொடர்பும் வேண்டும். பேய்மழை இரவில் குடும்பத்தோடு தங்கப் பாதுகாப்பு மையம் வேண்டும். எச்சரிக்கையை மதித்து வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி வெட்டக் கூடாது. ஒரு நாள் கூலிக்கு அஞ்சி உயிரைப் பணயம் வைக்கும் நிலையை ஒழிக்காமல் எந்த எச்சரிக்கையும் பலிக்காது!

இவை சலுகைகள் அல்ல; உரிமைகள். நீலகிரிக்கும் வால்பாறைக்கும் கல்வராயனுக்கும் இவற்றைக் கேட்க, நீலகிரிக்காரரும் வால்பாறைக்காரரும் மட்டும் போதாது. மலையில் வாக்குகள் குறைவு. குரல் சிதறிக் கிடக்கிறது. சமவெளியின் குரல் சேர்ந்தால்தான் கோட்டையில் கேட்கும். அடுத்த கிளைக் கூட்டத்தில் உள்ளூர்ச் சாலையைப் பற்றித் தீர்மானம் எழுதுங்கள். அதற்குக் கீழே மலைவாழ் தொழிலாளிக்கு மனை கேட்டு ஒரு தீர்மானமும் எழுதுங்கள்.

மணிமுத்தாற்று நீரைக் கையில் அள்ளும்போது, அது எந்த மலையிலிருந்து வந்தது என்று எண்ணுங்கள். அடுத்த பருவமழை நமக்காகக் காத்திருக்காது. மலை சரிந்த பின் மாலை சாத்த வேண்டாம். சரியுமுன் மனை தருவோம்!