வாயிலோடு முடிந்த திட்டம்

திருவனந்தபுரம் நகரில் மும்மடங்குப் பொது முடக்கம் அமலில் இருந்த 2020 ஜூலை 16-ஆம் தேதி, கேரளப் பொறியியல் நுழைவுத் தேர்வு நடைபெற்றது. தேர்வறைக்குள் சமூக இடைவெளி பேணப்பட்டது. ஆனால், பட்டம் பகுதியிலிருந்த மையத்தின் வாயிலில் பெற்றோரும் மாணவர்களும் முண்டியடித்தனர். தேர்வெழுதிய சிலருக்குப் பின்னர் தொற்று உறுதியானது. பெற்றோர் மீது வழக்குப் பதிந்தது காவல்துறை. அவர்கள் எங்கே காத்திருப்பது, எப்படித் திரும்புவது என்று முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டியவர்கள் யார்?

பல்கலைக்கழகங்களுக்கும் இது பாடம். பேருந்து வசதி, விடுதி, வீட்டருகே தேர்வு மையம், இணைய வசதியற்ற மாணவருக்கு மாற்று வழி ஆகிய அனைத்தும் அடங்கிய திட்டம், அடுத்த கொள்ளைநோய் வருமுன்பே ஒவ்வொரு துணைவேந்தரின் மேசையிலும் இருந்தாக வேண்டும்.