ஹெரால்டும் உப்புக் காற்றும்

மாமல்லபுரத்துக் கடற்காற்று மனிதருக்குச் சுகம். மோட்டாருக்கோ அதுவே யமன். என் தகப்பனாரின் ஸ்டாண்டர்டு ஹெரால்டைத்தான் சொல்கிறேன். இத்தாலியரான மிச்செலோட்டி வரைந்த உருவம். 1961 முதல் நம் செங்கற்பட்டுச் சீமை வண்டலூரிலேயே தயாரானது. தொழிற்சாலை மூடி வெகுகாலமாயிற்று. கதவு ஒன்று போனால் மறு கதவு வராது.

"பட்டி வச்சுத் தேச்சுப் பெயிண்ட் அடிச்சா புது வண்டி, சார்" என்றார் டிங்கர்.

"புது வண்டி எதற்கு ஐயா? அப்பா வண்டி போதும்" என்றேன்.

பட்டிக்கு அடியில் உப்பு இருந்தால், அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். துரு மறைவில் வளரும். ஆகவே முதலில் நல்ல தண்ணீரில் பலமுறை அலம்பச் செய்தேன். ஹெரால்டில் ஒரு சௌகரியம்: தனிச் சட்டத்தின் மேல் உடற்பகுதிகளைப் போல்ட்டு போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். கழற்றிப் பார்த்தால், சட்டத்தின் பக்கக் கைகளில் சேறு தங்கி அரித்திருந்தது. வெளியே பளபளப்பைப் பார்த்து ஏமாறுவோர் கவனிக்க! அரித்த இடத்தை மட்டும் வெட்டி, அதே கனத் தகட்டைப் பற்றவைத்து, துத்தநாகப் பூச்சு கொடுத்தோம். மங்கிய பழைய வர்ணத்தைத் தொடவில்லை.

கதவில் என் தம்பி சிறுவயதில் ஆணியால் கீறிய எழுத்திலும் துரு தொடங்கியிருந்தது. அதைத் துடைத்து, மெழுகு தடவி, அப்படியே விட்டுவிட்டேன். டிங்கருக்கு அதில் வருத்தந்தான்.