நமக்குக் குளிர்காலம் இல்லையென்று யார் சொன்னது?

வெளிநாட்டு விருந்தினர் ஒருவர் தமிழகத்தில் வந்திறங்கியதும் நாம் தவறாமல் சொல்லும் நகைச்சுவை ஒன்று உண்டு. "எங்கள் ஊரில் மூன்றே பருவங்கள்: வெயில், கடும் வெயில், கொடும் வெயில்." விருந்தினர் சிரிப்பார்; நாமும் சேர்ந்து சிரிப்போம். இதைப் பயண வழிகாட்டிகள் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். தமிழில் முதுகலை படித்தவர்களும், நூல் வெளியீட்டு மேடைகளில் சங்க இலக்கியம் பேசுகிறவர்களும் சொல்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆண்டை ஆறாகப் பகுத்த மொழி நம்முடையது. தொல்காப்பியமும் அதன் உரையாசிரியர்களும் தரும் கணக்கைப் பாருங்கள். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஒவ்வொன்றுக்கும் இரண்டு திங்கள். இவற்றுள் வேனில் இரண்டு. குளிரோடு உறவுடையவை மூன்று. ஐப்பசியில் தொடங்கிப் பங்குனி வரை, அதாவது ஆண்டில் சரிபாதியை, வாடைக்கும் பனிக்கும் ஒதுக்கிய ஒரு மக்கள் கூட்டத்தின் வழிவந்தவர்கள் "எங்களுக்குக் குளிர்காலமே கிடையாது" என்கிறோம்!

இது இலக்கணக்காரர்களின் கற்பனை அன்று. பத்துப்பாட்டில் நக்கீரர் பாடிய நெடுநல்வாடை 188 அடிகள் கொண்டது. கோவலர் தீயில் கை காய்ச்சுகிறார்கள்; விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன; பறவைகள் கிளையிலிருந்து விழுகின்றன; நகரத்தார் விசிறியை மடக்கித் தொங்கவிடுகிறார்கள்; சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடக்கிறது. தன் உடலில் குளிரை உணராத ஒருவரால் அந்தச் சந்தனக்கல்லைக் கவனித்திருக்க முடியாது. ஆண்டாளின் திருப்பாவையில் வாசற்படியில் நின்று தோழியை அழைக்கும் பெண்களின் தலையில் பனி விழுகிறது. தையிலும் மாசியிலும் வைக்கோல் வேய்ந்த வீட்டில் உறங்கு என்கிறது ஔவையாரின் கொன்றை வேந்தன். ஏட்டை விட்டுவிட்டு ஊர்ப்பேச்சுக்கு வந்தாலும், தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்ற பழமொழி காத்திருக்கிறது.

சரி, இலக்கியம் பழங்கதை என்பவர்களுக்கு அறிவியலே சொல்லட்டும். இந்திய வானிலை ஆய்வுத்துறை சனவரி, பிப்ரவரி மாதங்களைக் குளிர்காலம் என்றே வகைப்படுத்துகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் நம் மண் நனைந்திருக்கும், ஏரிகள் நிறைந்திருக்கும். இரவுகள் நீளம்; வானத்தில் மேகமில்லை. பகலில் வாங்கிய வெப்பத்தை நிலம் இரவில் வானத்துக்கே திருப்பிவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, தன்னிடமுள்ள ஈரத்தைத் தாங்கமாட்டாமல் புல்லிலும் ஓலையிலும் இறக்கி வைக்கிறது. அதுதான் பனி. காவிரிப் படுகையில் அறுவடைக்குச் சில நாள் முன்பு, நிற்கும் சம்பா நெல்லுக்கிடையே தெளிக்கப்படும் உளுந்து, எஞ்சிய மண் ஈரத்தையும் இந்தப் பனியையும் நம்பித்தான் விளைகிறது. மொச்சையும் அவரையும் காய்த்துக் குலுங்குவதும், பொங்கலுக்குப் பனங்கிழங்கு தோண்டுவதும் இக்காலத்தில்தான். இத்தனை வேலை செய்யும் ஒரு பருவத்தை இல்லையென்று சொல்வதற்கு நாம் யார்?

இப்போது இதைச் சொல்ல வேண்டிய காரணம் ஒன்றுண்டு. 2025 சூலையில் மராத்தியரின் படைத்துறை நிலக்காட்சிகள் என்ற பெயரில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 கோட்டைகளுள் தமிழகத்தைச் சேர்ந்தது செஞ்சி ஒன்றே. இனி வெளிநாட்டார் இங்கு மிகுதியாக வருவர். அவர்களை நாம் எப்படி அழைத்து வருகிறோம்? குளிரூட்டிய வண்டியில் ஏற்றி, முற்பகல் 11 மணிக்குக் கோட்டை வாயிலில் இறக்கிவிட்டு, பாறை சுடும் நேரத்தில் மலையேற்றி, வியர்த்து வழிய இறக்குகிறோம். பிறகு நாமே சொல்கிறோம், இங்கே வெயில்தான் என்று!

சென்ற தை மாதத்தில், குளிர்நாடு ஒன்றிலிருந்து வந்த ஆய்வு மாணவி ஒருவரைப் பனமலைக்கு அழைத்துச் சென்றேன். செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட ஊர். ஏரிக்கரைக் குன்றின்மேல் பல்லவன் இராசசிம்மன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயில் நிற்கிறது. தாளம் என்றால் பனை. பனைமலையே தாளகிரி ஆயிற்று. குடைநிழலில் நிற்கும் தேவியின் ஓவியத்துக்காகவே எல்லோரும் அங்கே செல்வார்கள். நான் விடியுமுன் செல்ல வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். ஏரியின்மேல் மூடுபனி கிடந்தது. படிகள் மழை பெய்ததுபோல் நனைந்திருந்தன. அரைக்கைச் சட்டையோடு நின்ற மாணவியைப் பார்த்து, காதை மூடித் துண்டு கட்டிய முதியவர் ஒருவர், "பனியில நிக்காதம்மா, தலையில எறங்கிடும்" என்றார். நான் மொழிபெயர்த்தேன். அவர் வியந்து கேட்டார்: "பனி என்பது எங்கள் ஊரில் வெள்ளையாகக் கொட்டுவதல்லவா? நான் படித்த தமிழ்ப் பாடத்தில் அப்படித்தானே இருந்தது?"

நண்பர்களே, நோய் இங்கேதான் இருக்கிறது. பனி என்ற சொல்லை நாம் ஐரோப்பாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். புல்நுனியில் நிற்கும் துளிக்கும், நடுக்கத்துக்கும், குளிருக்கும் உரிய சொல் அது. பனித்தல் என்றால் நடுங்குதல் என்று நிகண்டு படித்தவர் அறிவர். இன்று பனிப்பொழிவு, பனிச்சறுக்கு, பனிமனிதன் என்று எழுதி எழுதி, பனி என்றாலே வெண்ணிறமாய்க் கொட்டினால்தான் ஆயிற்று என்ற நிலை வந்துவிட்டது. கனடாவிலும் நார்வேயிலும் வாழ நேர்ந்த ஈழத்துத் தமிழர் அந்தச் சொல்லை அப்படி ஆண்டது வாழ்வின் தேவை; அவர்களைக் குறை கூறமாட்டேன். விழுப்புரத்து மழலையர் பள்ளிச் சுவரில் கேரட் மூக்குப் பனிமனிதனை வரைந்து வைத்து, வாசலில் பூசணிப்பூ வைத்த கோலத்தைக் குழந்தைக்குக் காட்டாமல் விடுகிறோமே, அதற்கு என்ன தேவை இருந்தது?

"உறைநிலைக்குக் கீழே 20 பாகையில் வாழ்பவருக்கு நம்முடைய 18 பாகை ஒரு குளிரா?" என்று கேட்பீர்கள். பருவம் என்பது வெப்பமானியின் எண் அன்று. நிலமும் உயிர்களும் தம் நடையை மாற்றிக்கொள்வதே பருவம். வட ஆசியாவின் கடுங்குளிருக்குத் தப்பி இங்கே வலசை வரும் ஊசிவால் வாத்துக்கு இது தெரியும். விழுப்புரம் மாவட்டத்துக் கழுவேலி ஈரநிலத்தை 2021இல் பறவைகள் காப்பிடமாக அறிவித்தோமே, அங்கு வரும் வலசைப் பறவைகளும் நம் குளிர்காலத்தின் விருந்தினர்தாம். பறவைக்குத் தெரிந்த பருவம் பேராசிரியருக்குத் தெரியவில்லை.

இதனால் என்ன கெட்டுவிடும் என்றால், பெயரில்லாத ஒன்று மறைந்தால் யாரும் தேடமாட்டார்கள் என்பதுதான். புவி சூடேறிவரும் காலம் இது. முன்பனியும் பின்பனியும் தேய்ந்து போகுமானால், "எங்களுக்கு அது இருந்ததே இல்லையே" என்று கைவிரிப்போம். இழப்பை உணர்வதற்குக்கூட முதலில் உடைமையை அறிந்திருக்க வேண்டும்.

ஆகவே, அடுத்த மார்கழியில் உங்களிடம் விருந்தினர் வந்தால் அந்தப் பழைய நகைச்சுவையைச் சொல்லாதீர்கள். விடியலில் எழுப்புங்கள். போர்வை ஒன்று கொடுத்து ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். "இதுதான் எங்கள் குளிர்காலம், இதன் பெயர் பனி" என்று சொல்லுங்கள்.