கண்ணாடி மாளிகை சாய்ந்த கதை: தாராவி கற்க வேண்டிய பாடம்

மும்பை ஹாஜி அலிக்கு அருகே, தார்தேவில், 1999-ஆம் ஆண்டு 'கிராஸ்ரோட்ஸ்' என்னும் பேரங்காடி திறக்கப்பட்டது. இந்தியாவின் முதல் நவீன 'மால்'களுள் ஒன்று என்று ஏடுகள் அதைக் கொண்டாடின. குளிரூட்டிய கூடங்கள், நகரும் படிக்கட்டு, சிறுவர்க்கு மின்னணு விளையாட்டுக் கூடம், உணவகங்கள் எல்லாம் ஒரே கூரையின் கீழ். படிக்கட்டில் ஒருமுறை ஏறி இறங்கவே கூட்டம் அலைமோதியது.

கூட்டத்தைக் கண்டு மகிழ வேண்டிய நிர்வாகம் என்ன செய்தது? கைபேசியோ கடன் அட்டையோ வைத்திருப்பவர்களுக்குத்தான் தாராளமாக வழி; மற்றவர்கள் நுழைவுக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று விதி போட்டது. வருகிற அழைப்புக்கும் காசு பிடுங்கிய காலம் அது. தாராவியிலும் செம்பூரிலும் எத்தனை பேரிடம் அன்று கைபேசி இருந்தது? எதிர்ப்பு கிளம்பிய பிறகு அந்த விதி கைவிடப்பட்டது. ஆனால் அந்த மாளிகை யாருக்காகக் கட்டப்பட்டது என்பதை விதி காட்டிக் கொடுத்துவிட்டது.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். மருந்துத் தொழில் நடந்த மனையில் எழுந்த இந்த அங்காடிக்குப் போட்டியாக, மூடப்பட்ட பஞ்சாலைகளின் மனைகளில் இன்னும் பெரிய அங்காடிகள் எழுந்தன. 1982 வேலைநிறுத்தத்தில் இரண்டரை லட்சம் தொழிலாளர் இறங்கிய அதே ஆலைகளின் நிலம்தான்! லோயர் பரேலில் பீனிக்ஸ் ஆலை நிலமே பேரங்காடி ஆயிற்று. பணக்காரர்கள் புதிய இடத்தைத் தேடிப் போனார்கள். 'கிராஸ்ரோட்ஸ்' கைமாறியது, 'சோபோ சென்ட்ரல்' என்று பெயர் மாறியது. கொரோனா வந்தது, பூட்டு விழுந்தது. அதை நடத்திய பியூச்சர் குழுமமே கடனில் மூழ்கியது. வங்கிக் கடனை அடைக்க, 2025 தொடக்கத்தில் சுமார் 476 கோடி ரூபாய்க்குக் கட்டடம் ரஹேஜா குழுமத்துக்குப் போயிற்று.

முதலாளிக்கு நட்டம் வந்தால் நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். நட்டம் முதலாளியோடு நிற்பதில்லை, அதனால்தான் பேசுகிறோம். பாண்டுப் 'டிரீம்ஸ்' மாலை நினைத்துப் பாருங்கள். கடைகளை வாங்கியவர்கள் சிறு வியாபாரிகள். அங்காடி நலிந்தது, அதன் மேல்தளத்தில் மருத்துவமனை நடத்த அனுமதி கொடுத்தார்கள். 2021 மார்ச்சில் மூண்ட தீயில் 11 உயிர்கள் போயின. 2024 மே மாதம் குஜராத்தின் ராஜ்கோட்டில், தகரக் கொட்டகைக்குள் நடந்த விளையாட்டு அரங்கில் தீப்பிடித்து, குழந்தைகள் உட்பட 27 பேர் கருகினர். அந்த அரங்குக்குத் தீயணைப்புத் துறையின் சான்றே கிடையாது! கேளிக்கை என்ற பெயரில் கூரைக்குள் மக்களை அடைப்பவர்கள், வெளியேறும் வழியைப் பற்றி எண்ணுவதில்லை.

இப்போது தாராவிக்கு வருவோம். 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் ஏலத்தில் அதானி குழுமம் மறுசீரமைப்பைப் பெற்றது. 2000 ஜனவரி 1-க்கு முன் குடியேறிய தரைத்தளக் குடும்பத்துக்கு 350 சதுர அடி வீடு என்கிறார்கள்; மாடியில் இருப்பவர்களுக்குத் தாராவிக்கு வெளியே வாடகை வீடாம். எஞ்சும் நிலத்தில் விற்பனைக்கான கட்டடங்கள் எழும். அங்கே கடைகள் வரும், கண்ணாடி வாசல்கள் வரும், காவலாளிகளும் வருவார்கள். அந்த வாசலில் நம் பிள்ளைகள் எந்த அட்டையைக் காட்டி உள்ளே போவது?

விடியுமுன் இட்லி அவித்து நகரெங்கும் சுமந்து செல்பவரும், முறுக்குச் சுற்றும் தாய்மாரும், தோல் பை தைக்கும் திருநெல்வேலித் தொழிலாளரும் வாழும் ஊர் தாராவி. இங்கே வீடே பட்டறை, சந்தே சந்தை. விளம்பரம் இல்லை, நகரும் படிக்கட்டு இல்லை; ஆனாலும் தலைமுறை தலைமுறையாக வியாபாரம் நடக்கிறது. வாங்குபவனும் விற்பவனும் அங்கேயே வாழ்கிறார்கள் என்பதுதான் இரகசியம். வேடிக்கை பார்க்க வருகிறவனை நம்பிக் கட்டியது, வேடிக்கை தீர்ந்ததும் விழும்.

ஆகவே நாம் கேட்பது மூன்று. தொழில் செய்பவருக்குத் தாராவிக்குள்ளேயே, தரைத்தளத்தில், தொழிலுக்கு ஏற்ற இடம் வேண்டும். சிறுவர்க்கு மாநகராட்சியின் பொறுப்பில் கட்டணமில்லாத திறந்த மைதானம் வேண்டும். மாட்டுங்காவின் ஐந்து தோட்டத்தில் விளையாடும் பிள்ளைக்கு உள்ள உரிமை தாராவிப் பிள்ளைக்கும் உண்டு. எழும்பும் ஒவ்வொரு கட்டடத்தின் வரைபடமும், தீத்தடுப்பு ஏற்பாடும் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும்.

இவை சலுகைகள் அல்ல. சதுப்பு நிலத்தை மேடாக்கி ஊராக்கிய மக்களின் உரிமை. கையெழுத்துக் கேட்டு வருபவரிடம் முதலில் இந்த மூன்றையும் கேளுங்கள். பதில் எழுத்தில் வந்த பிறகு பேனாவைத் திறங்கள்!