ஓட்டுநர் யார்?



தானாக ஓடும் காரை இந்தியாவில் விடமாட்டேன், ஓட்டுநர்கள் பிழைப்பு போய்விடும் என்று அமைச்சர் நிதின் கட்கரி 2017லிருந்து சொல்லிவருகிறார். நாமும் கைதட்டினோம். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் நுழைத்த 2பி பிரிவைப் படித்தீர்களா? புதுமை, ஆராய்ச்சி என்று சொல்லிச் சில வகை வண்டிகளுக்கு மத்திய அரசு அந்தச் சட்டத்திலிருந்தே விலக்கு தரலாம். வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லையைத் திறந்து வைத்த கதை!

அமெரிக்காவில் டெம்பி நகரில் 2018இல் ஊபரின் சோதனைக் கார், சாலையைக் கடந்த ஒரு பெண்ணை மோதிக் கொன்றது. காரில் சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்தவர் போனில் நிகழ்ச்சி பார்த்தார் என்று வழக்கு, தண்டனையும் அவருக்குத்தான். வண்டியோடு வந்த அவசர பிரேக் வசதியைச் செயல்படாமல் வைத்திருந்த நிறுவனத்தின் மீது குற்ற வழக்கே இல்லை.

சட்டப் பேராசிரியர் பிரையன்ட் வாக்கர் ஸ்மித் சொல்வதுதான் நியாயம்: வண்டியை ஓட்டுவது நிறுவனத்தின் கணினி என்றால், சட்டத்தின் கண்ணில் ஓட்டுநரும் அந்த நிறுவனமே.

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலை ஏறிப் பாருங்கள். வளைவு திரும்பினால் நடுரோட்டில் மாடு நிற்கும். அங்கே நம் கல்வராயன் மலைப் பிள்ளை ஒன்று அடிபட்டால் எஃப்.ஐ.ஆர். யார் பெயரில்? விலக்கு கொடுக்கும் முன் அதை எழுதி வையுங்கள். வக்கீலாக இருக்கும் என் மாணவர்களே, இதை நம் எம்.பி.யிடம் கேளுங்கள்.